17-ஆம் இடமும் ஒரு கோப்பையும்: ஸ்பர்ஸின் இந்த சீசனை எந்தக் கணக்கில் எழுதுவது?

சேவல்_கொடி (ஜூன் 7, 2025)

நேற்று செய்தி வந்ததிலிருந்து கையில் வேலை ஓடவில்லை, அதனால் இழையைத் தொடங்கிவிடுகிறேன். நம் டாட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்) கிளப்பின் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவை அனுப்பிவிட்டார்கள். மே 21 பில்பாவோவில் மேன்செஸ்டர் யுனைடெட்டை அடித்துக் கோப்பை, ஜூன் 6 வீட்டுக்கு. நடுவில் 16 நாள். அவர் வேலைக்குச் சேர்ந்ததும் 2023 ஜூன் 6 தான், சரியாக இரண்டு வருடம், யாரோ நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததுபோல.

எனக்கு இதில் ஒரு பக்கம் நிற்கத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. பிரீமியர் லீகில் 38 ஆட்டம், 22 தோல்வி, 38 புள்ளி, 20 கிளப்பில் 17-ஆம் இடம், கடைசி மூன்று கிளப் கீழ் அடுக்குக்கு இறங்கும். 1977-இல் கீழே இறங்கினோமே, அதற்கப்புறம் இவ்வளவு மோசமாக டாட்டன்ஹாம் முடித்ததே இல்லை. அதே சீசனில்தான் யூரோப்பா லீக் கோப்பை. 2008 லீக் கப்புக்குப் பிறகு முதல் கோப்பை, ஐரோப்பாவில் 1984-க்குப் பிறகு முதல். செப்டம்பரில் ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் 0-1 தோற்ற அன்றைக்கு, "வழக்கமாக இல்லை, எப்போதுமே என் இரண்டாவது வருடத்தில் ஏதாவது ஜெயிப்பேன்" என்று மைக் முன்னால் நின்று சொன்ன மனிதர். எட்டு மாதம் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

கேள்வி இதுதான்: இது நல்ல சீசனா, கெட்ட சீசனா? அனுப்பியது சரியா? தயவுசெய்து "இரண்டும்தான்" என்று நழுவாதீர்கள்.

பீரங்கி_வீடு

17-ஆம் இடம். அடுத்த கேள்வி.

கணக்குப்பிள்ளை

அனுப்பியது சரி. ஆனால் கிளப் சொன்ன காரணம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அறிக்கையில் ஒரு வரி: கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிதான் எடுத்தோம் என்று. அது என்ன 66? இரண்டு சீசன் என்றால் 76 ஆட்டம் அல்லவா வர வேண்டும்? முதல் 10 ஆட்டத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கணக்கு போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, ஹாரி கேன் பேயர்னுக்குப் போன கையோடு, 8 வெற்றி 2 டிரா, 26 புள்ளி, லீகில் முதலிடம். அந்த வருடம் மொத்தம் 66 புள்ளி, ஐந்தாம் இடம். 66-இல் 26 போனால் 40, அதோடு இந்த வருடத்து 38, ஆகமொத்தம் 78. கணக்கு சரிதான். எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடன் கொடுத்தவன், வட்டி வசூலான மாதத்தை விட்டுவிட்டுப் பாக்கி மாதத்தை மட்டும் எண்ணிக் காட்டுவதுபோல.

இத்தனைக்கும் அந்தப் பத்து ஆட்டத்தைச் சேர்த்தால்கூட 76 ஆட்டத்தில் 104 புள்ளிதான் வரும். ஆட்டத்துக்கு ஒன்றரைக்கும் கீழே. அதனால் முடிவு சரி என்றுதான் இன்னமும் சொல்வேன்.

இன்னொன்று. இந்த சீசனில் ஸ்பர்ஸ் லீகில் போட்டது 64 கோல், வாங்கியது 65. நான்காம் இடத்தில் முடித்த செல்சியும் 64 தான் போட்டது. கோல் வித்தியாசம் வெறும் மைனஸ் ஒன்றை வைத்துக்கொண்டு 17-ஆம் இடத்துக்குப் போவது ஒரு தனித் திறமை. ஜெயித்தால் 4-0, 5-0 என்று ஜெயிப்பது, தோற்றால் 2-3, 3-4 என்று தோற்பது. பிரைட்டனில் 2-0 முன்னிலையில் இருந்து 2-3. செல்சியிடம் வீட்டிலேயே 2-0 முன்னிலையில் இருந்து 3-4. லிவர்பூலிடம் வீட்டில் 3-6. இது கால்பந்தா, மட்டைப்பந்தா?

சேவல்_கொடி

கணக்குப்பிள்ளை, அந்த 66 எனக்குத் தோன்றவே இல்லை. அறிக்கையை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டேன்.

பீரங்கி, உங்கள் ஆர்சனல் இரண்டாம் இடம், 74 புள்ளி, ரியல் மாட்ரிடை வீட்டில் 3-0, அவர்கள் ஊரில் 2-1. அருமையான ஆட்டம், ரைஸின் அந்த இரண்டு ஃப்ரீ கிக்கை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அலமாரியில் என்ன வைத்தீர்கள்?

பீரங்கி_வீடு

அலமாரியில் இடம் இல்லை, 14 எஃப்.ஏ. கப் வைத்திருக்கிறோம்.

நள்ளிரவு_ரசிகை

நான் கொரிய வீரர் சோனுக்காக ஸ்பர்ஸ் பக்கம் வந்தவள், பழைய வரலாறெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இந்த சீசனைப் பேசும்போது யாரும் காயப்பட்டியலைப் பேசாமல் நேராகப் புள்ளிப் பட்டியலுக்குப் போவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 23, எட்டிஹாட். மேன்செஸ்டர் சிட்டி சொந்த மண்ணில் 52 ஆட்டமாகத் தோற்கவில்லை. அங்கே போய் 4-0. மேடிசன் இரண்டு, பொர்ரோ, ஜான்சன். அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியை நம் கோல்கீப்பர் விகாரியோ கணுக்காலில் எலும்பு முறிந்த நிலையில் ஆடினார் என்று பிறகுதான் தெரிந்தது. நடு டிஃபெண்டர்கள் ரொமேரோவும் வான் டி வெனும் அன்றைக்கே இல்லை. டிசம்பர் 8 செல்சி ஆட்டத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள், இருவரும் அதே ஆட்டத்தில் மறுபடி காயத்தோடு வெளியேறினார்கள். அவர்களை அவசரப்பட்டு இறக்கியது ஆஞ்ச் தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் உடோகி, பென் டேவிஸ், ஜனவரி கடைசியில் டிராகுஷினுக்கு முழங்கால் தசைநார். மிச்சம் இருந்தது ஆர்ச்சி கிரே. 18 வயது. மிட்ஃபீல்டர். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் நடு டிஃபென்ஸில் நின்றான். சலாவுக்கும் ஓசிம்ஹெனுக்கும் எதிரே நிற்க வேண்டிய இடம் அது!

டாம்வொர்த் ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாம் அடுக்குக் கிளப், செயற்கைப் புல், எஃப்.ஏ. கப். 90 நிமிடம் 0-0. எக்ஸ்ட்ரா டைமில் அவர்களே ஒரு சொந்த கோல் போட்டுக் கொடுத்த பிறகுதான் வழி திறந்தது, 3-0. சோனும் குலுசெவ்ஸ்கியும் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டிய ஆட்டம், கடைசியில் அவர்களையும் இறக்கும்படி ஆனது. எனக்கு அந்தப் பையன்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. புள்ளிப் பட்டியலில் இதெல்லாம் தெரியாது.

கணக்குப்பிள்ளை

காயம் விதியா, விதைத்ததா? வாரம் இரண்டு ஆட்டம், எல்லா ஆட்டத்திலும் முழு வேகம், டிஃபென்ஸ் நடுக்கோட்டில் நின்று பின்னால் திரும்பி 50 மீட்டர் ஓட வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) கிழியாமல் என்ன செய்யும்? வான் டி வென் ஒரு வருடத்தில் எத்தனை தடவை அதே காரணத்துக்கு உட்கார்ந்தார் என்று பாருங்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அந்த ஆட்டமுறையைச் சொல்கிறேன்.

ஓல்டு_டிராஃபோர்டு_ஓரம்

யுனைடெட் ரசிகன். அடிப்பதென்றால் அடித்துவிடுங்கள், இந்த வருடம் பழகிவிட்டது.

உங்களிடம் ஒரே சீசனில் நான்கு தடவை தோற்றோம். செப்டம்பரில் எங்கள் மைதானத்தில் 0-3, லீக் கப் கால் இறுதியில் 3-4, பிப்ரவரியில் 0-1, அப்புறம் பில்பாவோ. நாங்கள் லீகில் 15-ஆம் இடம், நீங்கள் 17. ஐரோப்பாவில் ஒரு ஃபைனல், இரண்டு பக்கமும் கீழே விழாமல் தப்பித்த இரண்டு கிளப். உலகமே கேலி செய்தது. செய்யட்டும். ஆனால் ஃபைனலுக்கு வரும்வரை அந்தப் போட்டியில் தோற்காமல் வந்தவர்கள் நாங்கள். லியோனிடம் எக்ஸ்ட்ரா டைமில் 2-4 பின்தங்கி, கடைசி ஏழெட்டு நிமிடத்தில் மூன்று கோல் போட்டு 5-4, அதற்கப்புறம் அத்லெடிக் பில்பாவோவை அவர்கள் ஊரிலேயே 3-0. அதே சான் மாமெஸ் மைதானத்தில் மூன்று வாரம் கழித்து ஃபைனல். நான் அன்றைக்கே மனசுக்குள் கோப்பையை எடுத்து வைத்துவிட்டேன்.

42-ஆவது நிமிடம் உங்கள் மிட்ஃபீல்டர் பாப் சார் இடப்பக்கமிருந்து பந்தை உள்ளே போடுகிறார், ஜான்சன் காலை நீட்டுகிறார், பந்து லூக் ஷா மேல் பட்டு, ஜான்சன் மறுபடி குத்தினாரா இல்லையா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை, உருண்டு உள்ளே போகிறது. அவ்வளவு அசிங்கமான ஒரு கோல். அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் ஆடவே இல்லை. பந்து உங்களிடம் இருந்தது கால்வாசி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 68-ஆவது நிமிடம் விகாரியோ பந்தைக் கோட்டைவிட, ஹாய்லண்ட் தலையால் முட்ட, பந்து காலி வலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கிருந்தோ வான் டி வென் பின்பக்கமாகக் காற்றில் பாய்ந்து கோட்டின் மேலிருந்து காலால் எடுத்துப்போட்டார். இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். எழுந்தவன் அப்படியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஆளின் ஹாம்ஸ்ட்ரிங்கைப் பற்றி மேலே ஏதோ எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஒரு இரவு கிழிந்திருக்கக் கூடாதா?

நள்ளிரவு_ரசிகை

:) மன்னித்துக்கொள்ளுங்கள், சிரித்துவிட்டேன்.

வடலண்டன்_வாசி

இங்கே இருப்பவன் என்ற முறையில் மைதானத்துக் கதை கொஞ்சம் சொல்கிறேன். டிவியில் வராதது.

ஜனவரி 26, லெஸ்டர். அவர்கள் அதுவரை ஏழு லீக் ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு வருகிறார்கள். இடைவேளையில் நாம் 1-0. இடைவேளை முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் 1-2. அப்படியே முடிந்தது. அன்று கேட்ட கூச்சல் பெரும்பாலும் ஆஞ்சை நோக்கி இல்லை, சேர்மன் டேனியல் லெவியை நோக்கி. அறுபதாயிரம் பேர் உட்காரும் மைதானம், உலகத்திலேயே நல்ல மைதானங்களில் ஒன்று, உள்ளே அமெரிக்கன் ஃபுட்பால் நடத்துகிறார்கள், இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள், எல்லாம் நடக்கிறது, ஒன்றைத் தவிர. நவம்பரில் இப்ஸ்விச் இதே மைதானத்தில்தான் அந்த சீசனின் முதல் லீக் வெற்றியை எடுத்துக்கொண்டு போனது. யாருக்காவது முதல் வெற்றி வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார்.

ஆஞ்ச் மீது கோபம் திரும்பிய நாள் ஏப்ரல் 3, செல்சி மைதானம். அவர் பெர்க்வாலை எடுத்துவிட்டு சாரை இறக்குகிறார். வெளியூர் வந்த நம் ரசிகர்களே "என்ன செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை" என்று பாடுகிறார்கள். சார் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து அடித்து கோல். ஆஞ்ச் திரும்பி நம் ஆட்களைப் பார்த்துக் காதுக்குப் பின்னால் கையை வைக்கிறார், இப்போது பாடுங்கள் பார்க்கலாம் என்பதுபோல. உடனே வி.ஏ.ஆர். (வீடியோ நடுவர்) கூப்பிட்டது. ஃபவுல். கோல் இல்லை. 0-1 தோல்வி. ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலமான ஐந்து நிமிடம் வர முடியுமா என்று அன்று நினைத்தேன். ஏழு வாரம் கழித்து அதே ஆளைத் திறந்த பேருந்தின் மேல் எட்மண்டனிலிருந்து மைதானம் வரைக்கும் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. தெருவிளக்குக் கம்பம், பஸ் நிறுத்தத்துக் கூரை, எதிலும் இடம் இல்லை. அங்கே மைக்கைப் பிடித்து, நல்ல தொடர்களில் மூன்றாவது சீசன் இரண்டாவதைவிட நன்றாக இருக்கும் என்று சொன்னார். நாங்கள் கத்திய கத்தல்! இரண்டு நாளில் கடைசி லீக் ஆட்டம், பிரைட்டன், வீட்டில் 1-4. யாரும் கண்டுகொள்ளவில்லை, பாடிக்கொண்டே இருந்தோம்.

அதனால் எனக்குக் கேள்வியே புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையை விற்று 17-ஐ ஏழாம் இடமாக மாற்றித் தருகிறேன் என்றால் ஸ்பர்ஸ்காரன் எவனாவது வாங்குவானா?

கணக்குப்பிள்ளை

வாங்க மாட்டான். ஆனால் அந்தப் பேரத்தை ஸ்பர்ஸால் செய்ய முடிந்ததற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? லெஸ்டர் 25 புள்ளி, இப்ஸ்விச் 22, சவுத்தாம்டன் 12. கீழே இறங்கிய மூன்றும் வசந்த காலத்திலேயே கதையை முடித்துக்கொண்டன. சவுத்தாம்டன் ஏப்ரல் 6 அன்று ஸ்பர்ஸ் மைதானத்திலேயே 1-3 தோற்று இறங்கியது, இன்னும் ஏழு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே. பிரீமியர் லீகில் அவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை.

அந்த வெற்றிக்குப் பிறகு ஸ்பர்ஸ் ஆடிய ஏழு லீக் ஆட்டத்தில் எடுத்தது எத்தனை புள்ளி தெரியுமா? ஒன்று. வெஸ்ட் ஹாமோடு ஒரு டிரா. வுல்வ்ஸிடம் 2-4, ஃபாரஸ்டிடம் 1-2, லிவர்பூலிடம் 1-5 (அன்றைக்குத்தான் அவர்கள் சாம்பியன் ஆனார்கள், நம் ஆட்கள் விருந்துக்குப் பலகாரம் கொண்டுபோனார்கள்), பேலஸிடம் 0-2, வில்லாவிடம் 0-2, பிரைட்டனிடம் 1-4. முக்கியமான ஆட்களைத் தூக்கி வியாழக்கிழமை யூரோப்பா லீகுக்கு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தைத் தானம் செய்துவிட்டார்கள். வழக்கமான ஒரு வருடமாக இருந்திருந்தால், 35, 36 புள்ளி எடுத்த கிளப் ஒன்று கீழே தொங்கிக்கொண்டு இருந்திருக்கும், அப்போது இந்தத் தைரியம் வந்திருக்காது. அப்படிப் பார்த்தால் கோப்பையில் சவுத்தாம்டனுக்கும் ஒரு பங்கு உண்டு.

சேவல்_கொடி

சரி, இப்போது நான் இரண்டு நாளாக மனசுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைக் கொட்டிவிடுகிறேன், நீளமாகப் போகும்.

2023 நவம்பரில் செல்சி ஆட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரொமேரோ, உடோகி இரண்டு பேரும் ரெட் கார்டு. ஒன்பது பேர். உலகத்தில் எந்த மேனேஜரும் அப்போது பெட்டிமுன்னால் ஆளை அடுக்குவார். ஆஞ்ச் டிஃபென்ஸை நடுக்கோட்டில் நிற்க வைத்தார். 1-4. ஐந்து பேர் இருந்தாலும் இப்படித்தான் ஆடுவோம் என்ற மாதிரி பேசினார். அன்று மைதானமே எழுந்து நின்று கைதட்டியது, நானும் இங்கே வீட்டில் கைதட்டினேன், கொள்கை என்றால் இதுதான் என்று.

இப்போது 2025 ஏப்ரல். ஃப்ராங்க்ஃபர்ட்டோடு வீட்டில் 1-1. அவர்கள் ஊரில் இரண்டாம் ஆட்டம், அன்று தோற்றால் அன்றே வேலை போகும் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடிசனை அவர்கள் கோல்கீப்பர் மோதித் தூக்கி எறிந்தார், பெனால்ட்டி, சொலாங்கி 1-0. அதற்கப்புறம் ஒரு மணிநேரம் பூட்டுப் போட்டார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு அந்தப் பக்கம் போடோவில் செயற்கைப் புல்லில் செமி, லாட்சியோவையே வீட்டுக்கு அனுப்பிய கிளப், அங்கே போய் 2-0, பந்தைத் தூக்கி நீளமாகப் போடுவது, இரண்டாவது பந்துக்குச் சண்டை, கார்னர், த்ரோ. அதற்குள் மேடிசன் இல்லை, பெர்க்வால் இல்லை, ஃபைனலுக்கு முந்தின பேலஸ் ஆட்டத்தில் குலுசெவ்ஸ்கியும் போய்விட்டார். படைக்கிற ஆள் மூன்று பேரும் இல்லாமல் பில்பாவோவுக்குப் போனார். சார், பிசூமா, பென்டன்குர் என்று மூன்று உழைப்பாளிகளை நடுவில் நிறுத்தினார். கேப்டன் சோனை பெஞ்சில் உட்கார வைத்து ரிச்சார்லிசனை ஓடவிட்டார். கடைசியில் டான்சோவையும் இறக்கி ஐந்து பேர் சுவர். மொத்தமே மூன்று ஷாட்.

அதாவது, வளையவே மாட்டார் என்று நாம் திட்டிய ஆள் ஐரோப்பாவில் முழுசாக வளைந்துவிட்டார். வளைந்ததால்தான் ஜெயித்தார். லீகில் ஏன் வளையவில்லை? இதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. டிசம்பரில் கிரேயை வைத்துக்கொண்டு லிவர்பூலோடு திறந்த ஆட்டம் ஆடாமல், பில்பாவோவில் ஆடிய மாதிரி பத்து ஆட்டம் ஆடியிருந்தால் பதினொன்றாம் இடமாவது வந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தும் செய்யவில்லை. நான் அவரைப் பிடித்ததும் இதற்காகத்தான், இப்போது அவர் மேல் கோபமும் இதற்காகத்தான்.

ஓல்டு_டிராஃபோர்டு_ஓரம்

மூன்று ஷாட்டில் கோப்பை. இதை நீங்கள் பெருமையாக எழுதுகிறீர்களா, வெட்கப்பட்டு எழுதுகிறீர்களா என்று புரியவில்லை.

சேவல்_கொடி

எனக்கும்தான்.

பழைய_வானொலி

தம்பிகளா, கொஞ்சம் பழைய கதை. 1984-இல் எனக்குப் பதினாறு வயது. சிற்றலை வானொலியில் அலைவரிசையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாதி இரைச்சல் பாதி வர்ணனையாக யூ.ஈ.எஃப்.ஏ. கப் (இப்போதைய யூரோப்பா லீக்) ஃபைனல் கேட்டவன் நான். அப்போது ஃபைனல் இரண்டு ஆட்டம். பிரஸ்ஸல்ஸில் ஆண்டர்லெக்டோடு 1-1. மே 23 வைட் ஹார்ட் லேனில் இரண்டாவது. கேப்டன் பெரிமன் தடையில் வெளியே. கோல்கீப்பர் க்ளெமன்ஸ் காயம், அவர் இடத்தில் டோனி பார்க்ஸ் என்ற இளைஞன். ஆண்டர்லெக்ட் முன்னிலை எடுத்துவிட்டது. கடைசி ஆறேழு நிமிடத்தில் கிரஹாம் ராபர்ட்ஸ் போட்டார் 1-1. பெனால்ட்டியில் பார்க்ஸ் பாய்ந்து பிடித்த கடைசிப் பந்து இருக்கிறதே, அது நான் பார்த்ததே இல்லை, பல வருடம் கழித்துத்தான் படத்தில் பார்த்தேன். வானொலியில் வெறும் சத்தம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கோப்பையை வென்ற மேனேஜர் கீத் பர்கின்ஷாவும் அந்த ஆட்டத்தோடு கிளப்பை விட்டுப் போய்விட்டார். யாரும் அவரை அனுப்பவில்லை, நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் ஃபைனலுக்கு முன்பே போவதென்று முடிவு செய்திருந்தார். அதற்கு முந்தின வருடம்தான் கிளப்பைப் பங்குச்சந்தையில் இறக்கியிருந்தார்கள். எஃப்.ஏ. கப் இரண்டு, யூ.ஈ.எஃப்.ஏ. கப் ஒன்று, அப்படிப்பட்ட மனிதர். ஐரோப்பாவில் கோப்பை ஜெயித்துக் கொடுத்த கையோடு மேனேஜர் கதவைத் தாண்டுவது இந்தக் கிளப்புக்குப் புதுசு இல்லை. இந்த வருடம் பேருந்து ஊர்வலம் போனதும் மே 23 தான். தேதியைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

லெவியின் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அப்போதைய மேனேஜர் மொரினியோவை அனுப்பினார். கோப்பைக்கு முன்னால் ஒருவர், கோப்பைக்குப் பின்னால் ஒருவர்.

நல்ல சீசனா என்று கேட்டால், தம்பி, எனக்குப் பதினாறிலிருந்து ஐம்பத்தேழு ஆகிவிட்டது. வேறு என்ன சொல்ல?

பீரங்கி_வீடு

பழைய வானொலி ஐயா எழுதியதற்கு மேல் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. இந்த வருடம் எல்லாப் பூட்டும் திறந்துகொண்டது என்பது உண்மைதான். மார்ச்சில் நியூகாசில் லிவர்பூலை அடித்து லீக் கப், 70 வருடத்துக்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை. மே 17 கிரிஸ்டல் பேலஸ் சிட்டியை அடித்து எஃப்.ஏ. கப், அவர்கள் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. நான்கு நாளில் நீங்கள். நாங்கள் மட்டும் அழகாக ஆடிக்கொண்டு இருந்தோம்.

ஆனாலும் 17.

சேவல்_கொடி (ஜூன் 12, 2025)

புது மேனேஜராகத் தாமஸ் ஃபிராங்க் வந்துவிட்டார். பிரென்ட்ஃபோர்ட், பத்தாம் இடம், செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக்) கெட்டிக்காரர், தேவையான நேரத்தில் மூன்று டிஃபெண்டர் போடுவார், நான்கு போடுவார். வளைகிற ஆள். இந்த சீசனில் அவருடைய பிரென்ட்ஃபோர்டை இரண்டு தடவையும் ஆஞ்சின் ஸ்பர்ஸ்தான் அடித்தது, 3-1, 2-0. ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

நள்ளிரவு_ரசிகை (ஆகஸ்ட் 14, 2025)

பழைய இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும், வேறு எங்கே போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

சோன் போய்விட்டார். பத்து வருடம், 454 ஆட்டம், 173 கோல். சியோலில் கடைசி ஆட்டம், அழுதுகொண்டே வெளியே வந்தார், அதே ஆட்டத்தில் மேடிசனுக்கு முழங்கால் போனது. பில்பாவோவில் கொரியக் கொடியைக் கட்டிக்கொண்டு கோப்பையைத் தூக்கினாரே, இன்றைக்கு நான் புள்ளிப் பட்டியலைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் படத்தைத்தான் அனுப்புவேன்.

நேற்று இரவு உதினேயில் சூப்பர் கப், சாம்பியன்ஸ் லீக் வென்றவரும் யூரோப்பா லீக் வென்றவரும் மோதும் ஆட்டம். 12.30-க்கு அலாரம் வைத்து எழுந்தேன். ஐரோப்பாவின் சாம்பியன் பி.எஸ்.ஜி. எதிரே 17-ஆம் இடத்துக் கிளப். ஃபிராங்க் மூன்று டிஃபெண்டர் போட்டார். செட் பீஸில் வான் டி வென் ஒன்று, ரொமேரோ ஒன்று. 85-ஆவது நிமிடம் வரை 2-0! அம்மா எழுந்து வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள், ஜெயிக்கப் போகிறோம் என்று சொன்னேன்.

சேவல்_கொடி

சொல்லியிருக்கக் கூடாது.

நள்ளிரவு_ரசிகை

85-இல் லீ காங்-இன். 94-இல் ராமோஸ். பெனால்ட்டியில் வான் டி வென் விட்டார், டெல் விட்டார். 3-4.

கணக்குப்பிள்ளை

2-0 முன்னிலையில் இருந்து. மேனேஜர் மாறினார், கணக்கு மாறவில்லை.

ஓல்டு_டிராஃபோர்டு_ஓரம்

வான் டி வென் தவறவிட்டாரா? அந்த வீடியோ யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள்.